அம்மா விட்டு நின்ற இடம்

அத்தியாயம் 9

சிரிக்காமல் நிற்பதற்கு ஒரு போட்டி வைத்தால், எங்கள் பக்கத்துச் சபைக்காரர்கள் அத்தனை பேருக்கும் முதல் பரிசு கொடுக்க வேண்டிவரும்.

காலையிலிருந்து லிஷா வீடு வீடாக ஏறி இறங்குகிறாள். எந்த வீட்டிலும் ஒரு பல் தெரியவில்லை. கேமராவைத் தூக்கியதும் ஆண்கள் கோர்ட்டில் கூண்டேறியவர்கள் மாதிரி விறைத்துப்போகிறார்கள். பெண்கள் சேலை மடிப்பைத் திரும்பத் திரும்ப நீவுகிறார்கள். "தடிச்சுத் தெரியாம எடு மோளே" என்று ஒருத்தி சொன்னாள். "எனக்க இடது பக்கமாக்கும் நல்ல பக்கம்" என்று அவள் புருஷன் சொன்னான்.

நீலக்கோழிப் பறவைக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. ஓட்டுக் கம்பெனிக்கு மண் எடுத்த பள்ளத்தில் இப்போது தண்ணீர் நின்று தாமரை முளைத்துக் கிடக்கிறது. விடியற்காலையில் முட்டளவு சேற்றில் நின்றால் போதும், அது பாட்டுக்கு வரும், இலைமேல் நடக்கும், போகும். லிஷா இரண்டு வருஷமாகப் படம் எடுப்பது அதைத்தான். பி.காம். படித்தாள், அந்த வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். நெய்யாற்றின்கரையில் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறாள். லீவு நாளில் சேற்றில் நிற்கிறாள். கல்யாண வயசுப் பெண்ணுக்கு இது என்ன கிறுக்கு என்று ஊர் கேட்டது. 'என் கிறுக்கு, என் சேறு' என்று அவள் பதில் சொன்னாள்.

அப்படிப்பட்டவள் தலையில் இந்த வேலை எப்படி விழுந்தது என்பது போன வாரம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். சபை ஆண்டுவிழாவுக்கு ஒரு டைரக்டரி அச்சிடுகிறார்கள்; குடும்பத்துக்கு ஒரு படம், கீழே பெயர்கள். ஒப்புக்கொண்ட ஸ்டூடியோக்காரன் விசா வந்துவிட்டதென்று வளைகுடாவுக்குப் பறந்துவிட்டான். செயலாளர் ராஜையா கமிட்டியில் லிஷாவின் பெயரைச் சொன்னார். ஒரு பெண்பிள்ளையால் ஆகுமா என்று யாரோ இழுத்தபோது, "காக்காயும் கொக்கும் எடுக்குதவ நம்மள எடுக்க மாட்டாளா?" என்று கேட்டாராம். அது பாராட்டா, கேலியா என்று அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை.

வீட்டில் அம்மா ஆனந்தபாய் சேதி கேட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அப்பம் நம்ம வீட்டுப் படத்தில ஆரெல்லாம்?"

அப்பா விஜயதாஸ் எழுந்து ஆட்டோவைத் துடைக்கப் போனார். அந்த ஆட்டோ அன்று ஒரு மணி நேரம் துடைபட்டது.

அந்த வீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவள் லிஜா, செங்கல் என்ற ஊரைச் சேர்ந்த தாணு, விலாசினி தம்பதியின் மகன் ஜிஜினோடு ரெஜிஸ்டர் ஆபீசில் மாலை மாற்றிக்கொண்டாள். பையன் கோயிலுக்குப் போகிற வீட்டுப் பையன். சபை அவள் பெயரைப் பதிவிலிருந்து எடுத்தது. அப்பா அவள் பெயரை வாயிலிருந்து எடுத்தார். அவளுக்குப் பெண் குழந்தை பிறந்து ஆறு மாதமாகிறது. கால் மணி நேரத் தூரம். தாத்தா இன்னும் பேத்தியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்று சாயங்காலம் அந்த வீட்டுப் படம்தான் கடைசி. அதில் லிஜா நிற்பாளா மாட்டாளா? லிஷாவுக்குக் காலையிலிருந்து சோறு இறங்காததற்குக் காரணம் இதுதான். அச்சடித்த புத்தகம் வீட்டுக்கு வீடு இருக்கும். அதில் இல்லாதவள் இல்லாதவள்தான்.

மத்தியானம் ராஜையா வீட்டிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

ராஜையா கோட் போட்டிருந்தார். மனைவி லீலாபாய் பக்கத்தில் நின்று, கையில் போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். போனுக்குள் சவுதியிலிருந்து மகன்.

"பயலும் படத்தில வரணும் மோளே," என்றார் ராஜையா. "எங்க வீட்டு ஆளு இல்லியா? வெளிச்சம் அடிக்காம பாத்துக்க."

லிஷா நாலு படம் எடுத்தாள். மூன்றில் மகனுடைய முகம் கட்டம் கட்டமாக உடைந்து கிடந்தது. நாலாவதில் ஒருவழியாக மூக்கு தெரிந்தது.

"மாமா, ஒரு காரியம் கேக்கட்டா?"

"கேளு."

"எங்க வீட்டுப் படத்தில லிஜாக்கா நிக்கலாமா?"

ராஜையா கோட்டைக் கழற்றத் தொடங்கினார். "அது எப்பிடி ஆவும்? பதிவில பேரு இல்லாத ஆளு படத்தில எப்பிடி நிக்கும்? நான் ஒண்ணும் தனியா தீருமானம் எடுக்க முடியாது, கேட்டியா. கமிட்டி உண்டு."

"சவுதியில இருக்குத மகன் போனுக்குள்ள நிக்கலாம். செங்கல்ல இருக்குத மகள் தரையில நிக்கப்பிடாது. அப்பிடித்தான?"

"எட்டி, நாக்குக்கு ஒரு அளவு வேணும்."

"அவனுக்கு மூக்கு மட்டுமாக்கும் வந்திருக்கு மாமா. எங்க அக்காவுக்கு முழு முகமும் உண்டு."

லீலாபாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். போனுக்குள்ளிருந்து மகன், "அம்மா, யாரு சிரிக்குதது?" என்று கேட்டான்.

"பிள்ள கேட்டதுக்கு ஒரு பதில் சொல்லிட்டுக் கோட்ட ஊருங்க," என்றாள் லீலாபாய்.

ராஜையா கோட்டை ஆணியில் மாட்டினார். "சாயங்காலம் வாறேன். கேமரா கார்டை எடுத்து வை. ராத்திரிக்குள்ள அச்சகத்தில குடுக்கணும்," என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்கு வந்தபோது அப்பா குளித்து வெள்ளைச் சட்டை, இரட்டை வேட்டியில் தயாராக இருந்தார். பாறசாலை ஸ்டேஷன் ஸ்டாண்டில் நாள் முழுக்கக் காக்கியில் இருக்கிற மனிதர். வெள்ளையில் பார்த்தால் யாரோ சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி இருக்கும். அம்மா ஞாயிற்றுக்கிழமைச் சேலை கட்டியிருந்தாள். முகத்தில் பவுடர் திட்டுத் திட்டாக இருந்தது. அழுத முகத்தில் பவுடர் அப்படித்தான் ஒட்டும்.

பலாமரத்து நிழலைத் தாண்டி முற்றத்தில் சாய்வெயில் நல்ல மஞ்சளாக விழுந்திருந்தது. லிஷா கேமரா ஸ்டாண்டை நாட்டினாள். கேமரா தானே எடுக்கும்படி வைத்துவிட்டு அவளும் ஓடிப்போய் நிற்க வேண்டும்.

"அப்பா அங்க. அம்மா பக்கத்தில. நான் அப்பாவுக்க இந்தப் பக்கம் வாறேன்."

அவர்கள் போய் நின்றார்கள். லிஷா கேமராவுக்குள் கண்ணை வைத்தாள்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் கிடந்தது.

"அம்மா, ஒட்டி நில்லு."

அம்மா அசையவில்லை.

இதைத்தான் காலையிலிருந்து எல்லா வீட்டிலும் சொல்லிச் சொல்லி லிஷாவுக்குத் தொண்டை காய்ந்திருந்தது. ஒட்டி நில்லுங்க, இன்னும் கொஞ்சம், தோளு தோள்ல முட்டட்டு. எல்லா வீட்டிலும் மனிதர்கள் நகர்ந்தார்கள். இங்கே மட்டும் ஆனந்தபாய் முற்றத்தில் முளைத்தவள் மாதிரி நின்றாள்.

"அம்மா, நடுவில வெறுந்தரையா கெடக்கு. படத்தில வீட்டுக் கதவுதான் தெரியும்."

"தெரியட்டு."

"என்னம்மா தெரியட்டு? அச்சில பாக்குதவங்க கேப்பாங்க, நீங்க ரெண்டு பேரும் சண்டையாண்ணு."

"கேக்கட்டு. நான் நிக்குத இடம் இதாக்கும். நீ எடு."

அப்போதுதான் லிஷாவுக்குப் புரிந்தது. கோபத்தில் அவளுக்கு எதுவும் உடனே புரியாது. இது அவளுடைய பழைய நோய். அம்மா தள்ளி நிற்கவில்லை. இடம் விட்டு நிற்கிறாள். மத்தியானம் லிஷா ராஜையாவிடம் வாய் கிழியக் கேட்டதை அம்மா வாயே திறக்காமல், ஒரு முழம் தரையை விட்டுக்கொடுக்காமல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொள்ள முடிந்ததற்காக லிஷா அந்தக் கேமராவுக்கு நன்றியுள்ளவளாக இருந்தாள்.

அப்பா அந்த இடத்தைப் பார்த்தார். அம்மாவைப் பார்க்கவில்லை, இடத்தை மட்டும் பார்த்தார். செருப்பு நுனியால் அங்கே கிடந்த ஒரு பலா இலையைத் தள்ளி ஒதுக்கினார். பிறகு வானத்தைப் பார்த்தார்.

"எட்டி லிஷா. வெளிச்சம் இன்னும் எம்புட்டு நேரம் உண்டு?"

"எதுக்கு?"

"கேட்டதுக்குச் சொல்லு."

"முக்கால் மணி நேரம் நிக்கும். அதுக்கப்புறம் மங்கிப்போவும்."

"ம்." அவர் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு, பலாமரத்திடம் சொல்லுகிற மாதிரி சொன்னார். "செங்கலுக்குப் போயிட்டு வர அது போதும்."

அம்மா சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். லிஷா ஸ்கூட்டர் சாவியை எடுக்க உள்ளே ஓடவில்லை. சாவி அவள் பையில்தான் இருந்தது. ஸ்கூட்டர் கேட்டைத் தாண்டிய பிறகுதான், ஹெல்மெட்டுக்குப் பதிலாகக் கேமரா மூடியைக் கையில் பிடித்திருப்பது அவளுக்குத் தெரிந்தது.

லிஜா முற்றத்தில் குழந்தைத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். தங்கை மூச்சு வாங்கச் சொன்னதையெல்லாம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"அப்பா என்ன வரச் சொன்னாரா?"

"வெளிச்சம் எம்புட்டு நேரம் உண்டுண்ணு கேட்டாரு."

"அதுக்கு, லிஜாவக் கூட்டிட்டு வாண்ணு அர்த்தமா?"

"செங்கலுக்குப் போயிட்டு வர அது போதும்ணு சொன்னாரு."

"எனக்க பேரச் சொன்னாரா?"

லிஷா கொடியிலிருந்து ஒரு துணியை எடுத்து மடித்தாள்.

"அதான். ஊருக்க பேரச் சொல்லியிருக்காரு. எனக்க பேரச் சொல்லல்ல." லிஜா ஒரு சின்னச் சட்டையை உதறினாள். "நான் வரல்ல லிஷா. வயித்தில பிள்ளையோட அந்த நடையில போய் நின்னேன். உள்ள லைட் எரியுது, கதவு தொறக்கல்ல. இப்பம் படத்துக்கு ஆளு கொறையுதுண்ணு நான் வந்து நிக்கணுமா? அவரு வந்து கூப்பிடட்டு. பேரச் சொல்லிக் கூப்பிடட்டு."

கோபப்படுவதில் தனக்கு ஒரு மூத்த ஆள் உண்டு என்பதை லிஷா மறந்துபோயிருந்தாள். இவள் சொல்வதில் தப்பு ஒன்றும் இல்லை. அதுதான் கஷ்டம்.

உள்ளிருந்து மாமியார் விலாசினி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். நெற்றியில் சந்தனம், ஈரத்தலையில் ஒரு துளசிக் கதிர். மகேஸ்வரம் கோயிலுக்குப் போய்விட்டு வந்திருக்க வேண்டும். அவள் பேச்சில் பாதி மலையாளம்.

"நான் எல்லாம் கேட்டு. வெளிச்சம் போயாச்சுண்ணா படம் வருமா மோளே?"

"வராது மாமி."

"அப்பம் இவிடே நிண்ணு வழக்கடிச்சா எப்படி?" அவள் மருமகளைப் பார்த்தாள். "நீ போகண்டா. நிண்ட தீருமானம் நிண்ட தீருமானம். பிள்ளைய நான் கொண்டு போகட்டா?"

லிஜா மடித்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அதிலிருந்து ஒரு மஞ்சள் சட்டையை உருவி நீட்டினாள். "இதப் போடுங்க மாமி. அம்மாவுக்கு மஞ்சள் பிடிக்கும்."

வழி நெடுக விலாசினி ஸ்கூட்டரின் பின்னாலிருந்து பேசிக்கொண்டே வந்தாள். பெயர் ஆதிரா என்றாலும் குழந்தை திரும்பிப் பார்ப்பது 'குஞ்ஞு' என்று கூப்பிட்டால்தான். காதில் எண்ணெய் விட்டால் கத்துகிறது. இரவு முழுக்க லிஜா தூங்காமல் இருந்த நாட்களில் இவள்தான் அதைத் தோளில் போட்டு நடந்தாள். மூலிகை போட்டு வேது வெள்ளம் காய்ச்சி லிஜாவைக் குளிப்பித்ததும், மருந்து கிண்டியதும், வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டியதும் இவள்தான். முதல் பேறுகாலம் தாய்வீட்டில் என்பது இங்கே எல்லா சாதிக்கும், எல்லா மதத்துக்கும் ஒரே வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் செய்யாததை மாமியார்க்காரி செய்தாள். செய்ததை ஒரு நாளும் சொல்லிக்காட்டவில்லை. இப்போதும் அவள் சொன்னது குறையாக இல்லை, கதையாகத்தான் இருந்தது.

வெயில் ரப்பர் மரங்களுக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது. லிஷா ஆக்ஸிலேட்டரைத் திருகினாள்.

வீட்டு முற்றத்தில் அப்பாவும் அம்மாவும் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். உண்மையாகவே அசையவில்லை போலும். ராஜையாவும் வந்து, சட்டைப் பையில் பேனாவோடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

ஸ்கூட்டரிலிருந்து இறங்கியது லிஜா இல்லை என்று தெரிந்ததும் அம்மாவின் முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு மஞ்சள் சட்டையைப் பார்த்தாள்.

"அவ வரல்ல," என்றாள் லிஷா.

விலாசினி நேரே போய்க் குழந்தையை அம்மாவின் கையில் வைத்தாள். "ஆனந்தபாயக்கா, பிடிங்க. கனம் உண்டு, சூட்சிச்சு, பத்திரமா."

"வெளிச்சம் போவுது," என்று லிஷா கத்தினாள். "எல்லாரும் நில்லுங்க. மாமி, நீங்களும்."

"நிக்கட்டு," என்றார் அப்பா. "முதல்ல ஜெபம் பண்ணுவோம்."

லிஷாவுக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றியது. அப்பாவின் ஜெபம் என்றால் சின்ன ஜெபம் கிடையாது. ஆதாமில் தொடங்கி, அரசாங்கத்தை ஆசீர்வதித்து, ஆட்டோ டயர் வரைக்கும் வந்துதான் நிற்கும். மரத்தின் மேல் பாதியில் மட்டும்தான் இப்போது வெயில் இருந்தது. ஆனால் ஜெபம் என்று சொல்லிவிட்டால் அந்த வீட்டில் யாரும் மறுபேச்சுப் பேச முடியாது. ராஜையா எழுந்து நின்றார். விலாசினி கோயிலில் நிற்பதுபோலக் கைகூப்பினாள்.

"அன்பும் இரக்கமும் உள்ள எங்கள் பரலோகப் பிதாவே," என்று அப்பா கண்ணை மூடினார். ஆட்டோ ஸ்டாண்டில் எலே என்றும் மக்கா என்றும் பேசுகிற மனிதருக்கு ஜெபத்தில் மட்டும் வேறொரு தமிழ் வரும். "இந்த நாளுக்காக உமக்கு ஸ்தோத்திரம். எங்கள் வாசலுக்கு வந்த இந்தத் தாயாருக்காக உமக்கு ஸ்தோத்திரம். ஆண்டவரே, எங்கள் மகள் லிஜா பேறுகாலத்தில் வந்து கதவைத் தட்டினாள். நான் திறக்கவில்லை."

அம்மா சட்டென்று கண்ணைத் திறந்தாள். லிஷா முதலிலேயே திறந்துதான் வைத்திருந்தாள்.

"நாங்கள் செய்ய வேண்டியதை இவர்கள் செய்தார்கள். எங்கள் பிள்ளையை இவர்கள் குளிப்பித்தார்கள். எங்கள் பிள்ளைக்கு இவர்கள் மருந்து கொடுத்தார்கள். இவர்களுக்கு நன்றி சொல்ல எனக்கு வாயில்லை, ஆண்டவரே. ஆகையால் உம்மிடத்தில் சொல்லுகிறேன். இந்தக் கைகளை ஆசீர்வதியும். ஆமென்."

அரசாங்கமும் இல்லை, டயரும் இல்லை. அவ்வளவுதான். அவர் வாழ்நாளில் செய்த மிகச் சின்ன ஜெபம் அதுவாகத்தான் இருக்கும்.

"ஆமென்," என்றார் ராஜையா.

விலாசினி கூப்பிய கையைப் பிரித்துக் கண்ணைத் துடைத்தாள். துடைத்துவிட்டுச் சிரித்தாள். "அண்ணன் இதை எங்கிட்ட நேரே சொல்லலாமே. நான் இஞ்சதானே நிக்குதேன்?"

அப்பாவின் காது சிவந்தது. "அது... எனக்கு அப்பிடிச் சொல்ல வராது."

"வரவேண்டா. எனக்கும் கேட்டு, தைவத்துக்கும் கேட்டு."

முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் அப்பா. லிஷா பட்டனை அழுத்திவிட்டு ஓடினாள். அம்மா விட்ட இடத்தில் விலாசினி நின்றாள். குழந்தை அம்மாவின் கையிலிருந்து விலாசினிக்கு முன்னால் சாய்ந்து அப்பாவின் சட்டைப் பையை எட்டிப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வெளிச்சம் போதவில்லை. படம் கொஞ்சம் கரகரப்பாக, ஓரத்தில் இருட்டாகத்தான் வந்தது. ஆனால் டைரக்டரியிலேயே எல்லாப் பல்லும் தெரிகிற குடும்பம் அதுவாகத்தான் இருக்கும்.

ராஜையா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கேமராவின் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"நெற்றியில சந்தனம்," என்றார்.

"ஆமா," என்றாள் லிஷா.

"இவங்களுக்க பேர நான் எந்த வரிசையில எழுத?"

"அப்பா ஜெபத்தில எழுதிட்டாரே மாமா. நீங்களும் ஆமென் சொன்னீங்க."

அவர் கார்டை வாங்கினார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு நடந்தார். போடுவேன் என்றும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

"வாங்க மாமி, கொண்டு விடுதேன்," என்று லிஷா ஸ்கூட்டர் பக்கம் திரும்பினாள்.

"வேண்டாம்." அப்பா ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டிருந்தார். வெள்ளைச் சட்டையோடு. "பனி விழுது. பிள்ளைக்கு ஆவாது. நான் கொண்டு போறேன்."

அம்மா குழந்தையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அப்படியே ஏறி உட்கார்ந்து, விலாசினிக்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். வீட்டுக் கதவைச் சாத்தச் சொல்லக்கூட அவளுக்கு நினைவு வரவில்லை. ஆட்டோ கேட்டைத் தாண்டித் திரும்பிப் போயிற்று.

லிஷா தனியாக முற்றத்தில் நின்றாள். ஸ்டாண்டை மடக்கவும் தோன்றவில்லை. நாள் முழுக்க ஊரோடு சண்டை போட்ட களைப்பு இப்போதுதான் காலில் இறங்கியது. யாருக்கு நன்றி சொல்வது? இடத்தை விட்டுக்கொடுக்காத அம்மாவுக்கா, இடத்தில் வந்து நின்ற விலாசினிக்கா, கண்ணை மூடிக்கொண்டாவது வாயைத் திறந்த அப்பாவுக்கா? அப்பாவிடம் இன்னும் கோபம் பாக்கி இருக்கிறது. அது இருக்கட்டும். நன்றியும் இருக்கட்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள அவளுக்கு இடம் உண்டு.

போன் அடித்தது. லிஜா.

"எட்டி, இருட்டியாச்சு. பிள்ளையும் மாமியும் எங்க?"

"வந்திட்டிருக்காங்க."

"உனக்க வண்டிச் சத்தம் கேக்கல்லியே?"

"ஸ்கூட்டரில இல்ல. ஆட்டோவில."

"யாருக்க ஆட்டோ?"

"அப்பாவுக்க. அம்மாவும் உண்டு." லிஷா மூச்சை இழுத்துக்கொண்டாள். "அக்கா, அவரு உனக்க பேரச் சொன்னாரு. சத்தமா. மாமிக்கிட்ட கேட்டுப் பாரு."

லிஜா அழுகிறாளா, திட்டப் போகிறாளா, போனை வைத்துவிட்டாளா என்று தெரியவில்லை. பிறகு, போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, உள்ளே யாரிடமோ அவள் கேட்பது காதில் விழுந்தது.

"ஜிஜின், சாயாவுக்குப் பாலு உண்டா பாரு."